கறுப்பு மணலும் நனோத் துகளும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரை, கதிரவெளிக் கரையோர மணலில் கறுப்பாகப் படிந்திருப்பதில் இல்மனைட் உண்டு. இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த இந்தக் கனியம் சாதாரண மணலைவிடப் பாரமானது. அலை வெண்மணலை இழுத்துக்கொண்டு போக, இது கரையில் தங்கிவிடுகிறது. இதிலிருந்து கிடைக்கும் வெள்ளைத் தூளே டைட்டேனியம் ஈரொட்சைட்டு.

பெயின்டில் கலக்கும் தூளின் துகள் சுமார் 250 நனோமீற்றர். ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. துகள் 20 நனோமீற்றருக்குச் சிறுத்தால் வெண்மை மங்கி, புறஊதாக் கதிரைத் தடுக்கும் குணமே மிஞ்சும். வெயில் தடுப்புக் களிம்புகளில் சேர்ப்பது இதற்காகத்தான். அந்த அளவில் ஒரு கிராம் தூளின் மொத்த மேற்பரப்பு ஏறத்தாழ 75 சதுர மீற்றர். அந்த மேற்பரப்பில் சாயத்தைப் படியவைத்தால், ஒளி பட்டதும் சாயம் இலத்திரனை விடும். தூள் அதை வாங்கிக் கடத்தும். விஞ்ஞானிகளான கிராட்செலும் ஓ'ரீகனும் 1991இல் வெளியிட்ட சூரியக்கலம் இவ்வாறே இயங்குகிறது. கண்டியிலுள்ள தேசிய அடிப்படை ஆய்வு நிறுவகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையும் இத்தகைய கலங்களை ஆராய்ந்துள்ளன.

ஆபத்து முதலில் மூக்கு வழியே வருகிறது. சுவாசிக்கப்படும் இந்தத் தூளைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற 2பி வகையில் வைத்துள்ளது. காயமற்ற தோலில் பூசும் களிம்பு அப்படியல்ல. துகள் மேற்தோலைத் தாண்டுவதில்லை. உணவு நிறமியாக இதனை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடை செய்தது. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழுவோ 2023இல் தடைக்குக் காரணம் காணவில்லை. வாவிக்குள் போகும் துகள் உவர் நீரில் திரண்டு சேற்றில் படியும். முதலில் அதைச் சந்திப்பவை சேற்றில் இரைதேடும் நண்டும் மட்டியுமே.

கதிரவெளியில் மக்கள் எதிர்க்கும் இல்மனைட் அகழ்வை இதனோடு குழப்பக் கூடாது. மணல் அள்ளுவதால் நனோத் துகள் கிளம்பாது. அங்குள்ள அச்சம் கரையரிப்பும் கிணற்றில் உப்பு ஏறுவதும். அதுவும் சிறிய அச்சமல்ல.

அகழ்வு உரிமப் பத்திரத்தின் பிரதியைக் கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இடந்தருகிறது. புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பித்தால், 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, இறுதியில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால், பொதுமக்கள் கருத்துக் கூற 30 நாட்கள் உண்டு. ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை மட்டுமே நடந்தால் அந்த அவகாசம் இல்லை. எனவே எந்த அறிக்கை கோரப்பட்டுள்ளது என்பதை முதலிலேயே கேட்டறிய வேண்டும்.

அகழ்வுக்கு அப்பால், கடையில் 'நனோ' என்று பொய்யாக விற்ற பொருளுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடலாம். அதன் தொலைபேசி எண் 1977. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை.