இரண்டு டாலருக்கு இரண்டு தங்கம் பறிபோன கதை தெரியுமா?

பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் காலை ஆறரை மணிக்கு நின்று பாருங்கள். ஆம்பூர் ஷூ கம்பெனி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். சாப்பாட்டுப் பையும் கையுமாகப் பெண்கள் ஏறுவார்கள். அவர்கள் தைத்த ஷூ கப்பலேறிப் போய் எந்தெந்த நாட்டுக் கால்களிலோ நடக்கிறது. அதே நேரம், அதே சாலையோரம், கல்லூரிப் பையன்கள் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். அதில் ஒருவனுடைய ஷூவைக் குனிந்தே பார்த்திருக்கிறேன். அடி பிளந்து, பஞ்சர் கடை சொல்யூஷன் போட்டு ஒட்டி, ஒட்டின இடம் மறுபடி வாய் திறந்திருந்தது. உலகத்துக்கே ஷூ தைக்கிற மண்ணில்!

அந்தப் பையன் விளையாடி நாலு காசு சம்பாதித்தால் அது குற்றமா? குற்றம்தான் என்று விளையாட்டு உலகம் நூறு வருஷத்துக்கு மேல் சொல்லிவந்தது தெரியுமா? சொன்னதோடு விட்டதா? பதக்கத்தைப் பிடுங்கியது, பேரை அழித்தது, ஏமாற்றுக்காரன் என்று முத்திரை குத்தியது!

ஜிம் தோர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பூர்வகுடி இளைஞர். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று நடந்த கார்லைல் பள்ளியின் மாணவர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம். அந்தப் போட்டியில் எடுத்த புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள், கண்ணை நம்ப முடியாது. வலது காலில் ஒரு ஷூ, இடது காலில் வேறொரு ஷூ! அவருடைய ஜோடி தொலைந்துபோக, கிடைத்த இரண்டை மாட்டிக்கொண்டு ஓடினார் என்பார்கள். ஒன்று பெரிதாக இருந்ததால் அந்தக் காலுக்கு மட்டும் கூடுதல் சாக்ஸ். ஜோடி சேராத ஷூவில் உலகத்தையே ஜெயித்த மனிதர்!

மறு வருஷமே இரண்டு தங்கத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். என்ன பாவம் செய்தார்? 1909, 1910 கோடை விடுமுறைகளில் வட கரோலினாவில் பேஸ்பால் ஆடிக் காசு வாங்கியிருந்தார். ஆட்டத்துக்கு இரண்டு டாலர் என்கிற அளவில்தான் அந்தக் காசு! இன்னொன்றும் கேளுங்கள். அந்தக் காலத்தில் எத்தனையோ கல்லூரிப் பையன்கள் பொய்ப் பெயரில் இதே மாதிரி ஆடிச் சம்பாதித்தார்கள். தோர்ப் சொந்தப் பெயரில் ஆடினார், அதனால்தான் மாட்டினார். அதைவிடப் பெரிய விஷயம், போட்டி முடிந்து 30 நாளுக்குள் புகார் தர வேண்டும் என்று ஒலிம்பிக் விதியே சொன்னது. புகார் கிளம்பியது ஆறு மாதம் கழித்து. விதியை மீறினார் என்று தண்டித்தவர்கள், தண்டிப்பதற்காகத் தங்கள் விதியையே மீறினார்கள்!

டெகத்லானில் இரண்டாவதாக வந்த சுவீடன் வீரர் ஹ்யூகோ வீஸ்லாண்டர், தனக்கு ஒதுக்கப்பட்ட அந்தத் தங்கத்தைக் கடைசிவரை தன்னுடையதாக ஏற்கவே இல்லையாம். எதிராளிக்குத் தெரிந்த நியாயம் அதிகாரிகளுக்குத் தெரியவில்லை. தோர்ப் 1953ல் இறந்தார். 1982ல் பாதி மனசோடு, 'இணை வெற்றியாளர்' என்றார்கள். முதலிடம் அவருக்கு மட்டும்தான் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அறிவித்தது எப்போது தெரியுமா? 2022 ஜூலையில்! ஓடி முடித்து 110 வருஷம் கழித்து.

சரி, 'காசு வாங்காமல் ஆடுவதே உயர்வு' என்கிற எண்ணம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் ஹென்லி படகுப் போட்டி என்று ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர்கள் எழுதிவைத்த அமெச்சூர் விதியைப் படித்தால் நம் பக்கத்து ஆட்களுக்கு வயிறு எரியும். மெக்கானிக், கைவினைஞர், கூலித் தொழிலாளி யாரும் அமெச்சூர் ஆக முடியாது! படகு விட்டு ஒரு பைசா வாங்கியிருக்க வேண்டாம். கையால் வேலை செய்து கூலி வாங்குகிறவனாக இருந்தாலே போதும், வெளியே நில்! தோல் ஷாப்பில் தோல் அலசுகிறவர், கம்பெனியில் கட்டிங் மேஜையில் நிற்கிறவர், சோல் ஒட்டுகிறவர் என்று மேல்விஷாரத்திலிருந்து வாணியம்பாடி வரை அத்தனை பேருக்கும் அந்த ஆற்றில் துடுப்பு போட இடமில்லை என்று அர்த்தம். 1920ல் அமெரிக்கப் படகு வீரர் ஜான் கெல்லியை ஹென்லி திருப்பி அனுப்பியது. அவர் செங்கல் அடுக்கும் கொத்தனாராக இருந்தவர். அதே வருஷம் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் இங்கிலாந்து வீரரையே தோற்கடித்துத் தங்கம் வாங்கினார் அந்தக் கொத்தனார்! (நடிகை கிரேஸ் கெல்லியின் அப்பா இவர்தான்.)

சம்பாதிக்கத் தேவையில்லாதவர்கள், சம்பாதித்தே ஆக வேண்டியவர்களை வெளியே நிறுத்தப் போட்ட வேலி அது. கிரிக்கெட்டில் பார்க்கவில்லையா? காசு வாங்காதவர் 'ஜென்டில்மேன்', வாங்குகிறவர் வெறும் 'பிளேயர்'. இந்தப் பிரிவினையை இங்கிலாந்து கைவிட்டது 1962ல்தான். இந்த வேலியைத் தாண்டியவனைத் திருடன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நம்ம ஊர்க்காரர் ஒருவருக்கும் இந்த வேலி குறுக்கே நின்றது தெரியுமா? டென்னிஸ் மேதை ராமநாதன் கிருஷ்ணன்! 1951ல் சென்னையில் பெர்ட்ரம் டென்னிஸ் போட்டி. கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் என்பது விதி. கிருஷ்ணன் அப்போது பள்ளி மாணவர். லயோலா கல்லூரி முதல்வரிடம் தனி அனுமதி வாங்கி இறங்கினார். இறங்கி, கோப்பையையும் ஜெயித்தார்! திறமைக்காக விதி கொஞ்சம் வளைந்துகொடுத்த அழகான தருணம் அது. 1954ல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தையும் வென்றார், ஆசியாவிலிருந்து முதல் ஆளாக.

1959ல்தான் சோதனை வந்தது. தொழில்முறை டென்னிஸ் நடத்திவந்த ஜாக் கிரேமர், மூன்று வருஷத்துக்கு 1,50,000 டாலர் தருகிறேன், வா என்றார். அன்றைய மாற்று விகிதத்தில் 7 லட்சம் ரூபாய்க்கு மேல்! 1959ல் 7 லட்சம் என்றால் யோசித்துப் பாருங்கள். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். காசை வாங்கியிருந்தால் விம்பிள்டனும் இல்லை, டேவிஸ் கோப்பையும் இல்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு 1968 வரை விம்பிள்டன் கதவு திறக்கவே இல்லை. அவர் மறுத்ததால் நமக்குக் கிடைத்தது 1960, 61ல் இரண்டு விம்பிள்டன் அரையிறுதி, 1966ல் டேவிஸ் கோப்பை இறுதி ஆட்டம். அவர் செய்தது பெரிய தியாகம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்தத் தியாகத்தை ஒரு மனிதரிடம் கேட்க அந்த விதிக்கு என்ன உரிமை இருந்தது? இத்தனைக்கும், அமெச்சூர் என்ற பெயரில் கைச்செலவு என்று சொல்லி மேசைக்கு அடியில் காசு கைமாறியது டென்னிஸ் உலகத்துக்கே தெரிந்த ரகசியம்!

அமெரிக்கக் கல்லூரிகள் இதைவிட ஒரு படி மேலே போயின. அங்கே 'மாணவ விளையாட்டு வீரர்' என்று ஒரு சொல் புழங்குகிறது. கேட்கக் கௌரவமாக இருக்கிறதல்லவா? அந்தச் சொல்லை 1950களில் ஏன் பிடித்துக்கொண்டார்கள் தெரியுமா? விளையாடும்போது அடிபட்டால் தொழிலாளிக்குரிய இழப்பீடு தர வேண்டிவருமே, அதற்குத்தான்! 1955ல் கொலராடோவில் ரே டென்னிசன் என்ற மாணவர் கல்லூரி அணிக்கு அமெரிக்கக் கால்பந்து ஆடும்போது தலையில் அடிபட்டு இறந்தார். மனைவி இழப்பீடு கேட்டார். கல்லூரி ஒன்றும் கால்பந்து வியாபாரம் செய்யவில்லை என்று 1957ல் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. அந்தச் சொல்லைப் பரப்பிய வால்டர் பையர்ஸ், கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் தலைமை நிர்வாகியாகப் பல பத்தாண்டு இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு அவரே அந்த அமைப்பை எதிர்த்துப் புத்தகம் எழுதினார்!

2010ல் ஜார்ஜியா பல்கலைக்கழக வீரர் ஏ.ஜே. கிரீன் தான் போட்டு ஆடிய சட்டையை 1,000 டாலருக்கு விற்றார். தன் சட்டை! நாலு ஆட்டத் தடை. அவருடைய எண் போட்ட சட்டைகளோ கடையில் அமோகமாகப் போய்க்கொண்டிருந்தன. 2005ல் கல்லூரிக் கால்பந்தின் உயரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை வென்ற ரெஜி புஷ், குடும்பத்துக்கு வெளியாட்களிடமிருந்து காசு வந்தது என்ற விவகாரத்தில் 2010ல் அதை விட்டுக்கொடுத்தார். 2024ல் கூப்பிட்டுக் கோப்பையை மறுபடி கையில் கொடுத்தார்கள்.

ஆம்பூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய நாள் 2019 பிப்ரவரி 20. டியூக் பல்கலைக்கழகக் கூடைப்பந்து ஆட்டம், ஒபாமாவே பார்க்க வந்திருக்கிறார். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 18 வயது சயான் வில்லியம்சன் திரும்பினார், இடது ஷூ அப்படியே கிழிந்து பாதம் வெளியே வந்தது! முழங்காலில் அடி. மறுநாள் பங்குச் சந்தையில் அந்த ஷூவைச் செய்த நைக்கியின் பங்கு ஒரு சதவீதம் சரிந்தது. ஒரு மாணவன் காலில் ஷூ கிழிந்தால் சந்தை ஆடுகிறது. அந்தக் காலுக்கு அன்று சம்பளம் கிடையாது! சோல் பிரிவது எவ்வளவு பெரிய மானப் பிரச்சினை என்று செக்கிங் பிரிவில் உட்கார்ந்திருக்கும் நம் அக்காமார்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

அப்புறம் அணை உடைந்தது. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் இன்னொரு வழக்கில் 280 கோடி டாலர் பழைய பாக்கி தரும் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 24,000 கோடி ரூபாய்! 2021 ஜூன் மாதம் தண்டனைக்குரிய குற்றம், ஜூலை மாதம் சட்டப்படி வருமானம். இடையில் தண்டிக்கப்பட்டவர்களின் இருபது வயதை யார் திருப்பித் தருவது?

நம் பிள்ளைகளுக்கு அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. உயரம் தாண்டும் தேஜஸ்வின் சங்கர், டெல்லியில் வளர்ந்த தமிழ்ப் பையன். கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 2018, 2022 இரண்டு வருஷமும் அமெரிக்கக் கல்லூரி சாம்பியன். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2007, 2008 என்று அடுத்தடுத்து டென்னிஸ் சாம்பியன். இப்படிப் போகிற வெளிநாட்டுப் பிள்ளைகள் மாணவர் விசாவில் இருப்பதால், சக அமெரிக்க வீரர் போல அங்கே விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்க முடியாது, விசாவே போய்விடும்! காங்கோவிலிருந்து வந்த கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் ஷீப்வே என்ன செய்தார் தெரியுமா? 2022ல் அணி பஹாமாஸ் தீவுக்கு ஆடப் போனபோது, அந்தச் சில நாளில், அமெரிக்க எல்லைக்கு வெளியே, விளம்பர வேலைகளை மளமளவென்று முடித்துக்கொண்டு திரும்பினார்!

இந்தியாவில் கதை வேறு. இங்கே விளையாட்டு என்றால் வேலை. பள்ளிகொண்டாவிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம் போனால் வேலூர் சத்துவாச்சாரி. அங்கே பிறந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 149 கிலோ, 179 கிலோ, ஆக மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018ல் கோல்ட் கோஸ்டில் மறுபடி தங்கம்! அப்போது தெற்கு ரயில்வே ஊழியர். விளையாட்டால் வேலை கிடைத்தது என்று ஊரே கொண்டாடியது. அதுதான் சரி. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் பிள்ளைக்குக் கைச்செலவுக்கு மாதம் 10,000 ரூபாய் அரசாங்கமே தருகிறது. பதினெட்டு வயதில் உலக செஸ் சாம்பியன் ஆன குகேஷின் பரிசுப் பணத்தைப் பார்த்து யாராவது முகம் சுளித்தோமா?

விலை பேசித் தோற்பது, வயதுச் சான்றிதழைத் திருத்துவது, ஊக்கமருந்து ஊசி போடுவது, இதற்கெல்லாம் என்னிடம் மன்னிப்பு கிடையாது. அங்கே எதிரே ஆடுகிறவன் ஏமாறுகிறான். விடுமுறையில் ஆடிக் கூலி வாங்கிய பையனால் ஏமாந்தது யார்? ஒரு பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்!

தை மாசம் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மாடு விடும் விழா களைகட்டும். குறைந்த வினாடியில் ஓடி முடித்த காளைக்கு ரொக்கப் பரிசு, மாட்டுக்காரருக்கு மாலை, மைக்கில் பாராட்டு. காளை சம்பாதித்தால் ஊருக்கே பெருமை! அதே தை மாசத்தில்தான் வாலிபால் போட்டிகளும் நடக்கும். நல்ல லிஃப்டர் இல்லாத ஊர் அணி, வெளியூர்ப் பையனைக் கெஸ்ட் பிளேயராகக் கூப்பிடும். பஸ் காசு, பிரியாணி, ஜெயித்தால் கையில் ஐந்நூறு.

சொல்யூஷன் போட்டு ஒட்டிய ஷூக்காரன் அப்படித்தான் ஒரு பொங்கலுக்கு மூன்று ஊருக்கு ஆடினான். அவன் அம்மா ஏறுவதும் அந்த ஆறரை மணி வண்டியில்தான். கையில் சேர்ந்த காசோடு ஆம்பூர் போய், ஹைவே ஓரக் கடையில் ஏற்றுமதிக்குப் போகாமல் கழித்துக்கட்டிய ஜோடிகளில் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினான். இடது ஷூ நாக்கில் தையல் ஒரு நூல் விலகியிருந்தது, அவ்வளவுதான் குறை. விஷயம் அவன் படித்த கல்லூரிக்குப் போனது. காசுக்கு ஆடுகிறவனுக்கு அணியில் இடமில்லை என்று பி.டி. சார் பெயரை அடித்துவிட்டார்.

அந்தக் கல்லூரி அணியின் போட்டி நடந்த அன்று நானும் போயிருந்தேன். அவன் அந்தப் புது ஷூவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கோர்ட்டுக்கு வெளியே நின்று, எல்லை தாண்டி வரும் பந்தை ஓடி ஓடிப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான்.