கைமாறிய வண்டிகள் – 14: குட்டை மூக்கு

பத்திரிகையாளர் பாப் ஹால் யோசனை சொன்னது, மாஸ்டாவின் யாமமோட்டோ காதில் போட்டுக்கொண்டது, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மாஸ்டா மியாட்டா மேடையேறியது எல்லாம் போன வாரத்தோடு முடிந்தது. தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிப் படித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் 1.6 லிட்டர் இஞ்சின் வாங்கலாமா, 1994 மாடலில் வந்த 1.8 வாங்கலாமா என்று பிரித்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்தது நிஜம்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு மூக்கைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன், இன்று வியாழன், இன்னும் எழுந்திருக்கவில்லை.

நமக்கு மாஸ்டா என்றால் ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான் ஞாபகம் வரும். அதே பெயர் தாங்கிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் நம் ஊர் ஷோரூமுக்கு வந்ததில்லை. பழசாக வாங்குகிறவர்கள் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பிரிட்டனிலும்தான் அதிகம். அதனால் அமெரிக்கக் கணக்கிலேயே பேசுவோம். அந்தக் கணக்கில் ஒரு குழப்பம் உண்டு. 1989-ன் நடுவில் கடைக்கு வந்த வண்டிக்கு அங்கே ‘1990 மாடல்’ என்று பெயர். ஆடித் தள்ளுபடியில் வாங்கியதைத் தீபாவளிச் சட்டை என்பதுபோல. ஆக, விற்பவர் சொல்லும் வருஷத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 1991-ல் இது ரொம்ப முக்கியம். ஏனென்றால் அந்த மாடல் வருஷத்தின் பாதியில்தான் மூக்கு மாறியது.

மூக்கு எது? பிஸ்டன்கள் மேலும் கீழும் மிதிப்பதைச் சுழற்சியாக மாற்றுகிற தண்டு கிராங்க் ஷாஃப்ட். அதன் முன்முனை இஞ்சினுக்கு வெளியே கொஞ்சம் எட்டிப் பார்க்கும். டைமிங் பெல்ட்டை ஓட்டும் பல்சக்கரமும், அதற்கு முன்னால் புல்லியும் அந்த முனையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. தனித்தனியாகச் சுற்றிவிடாமல் இருக்கத் தண்டில் ஒரு காடி வெட்டி, அதில் சின்ன இரும்புத் துண்டு ஒன்றைச் செருகியிருப்பார்கள். மெக்கானிக்குகள் அதைக் ‘கீ’ என்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்து இறுக்க நடுவில் ஒரே ஒரு போல்ட்.

1990 மாடலிலும் 1991-ன் முற்பகுதியிலும் வந்த 1.6 இஞ்சின்களில் இந்த முனை குட்டை. போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் புல்லி ஆட ஆரம்பிக்கும். கீ காடியின் சுவரில் இடித்து இடித்து, காடி அகலமாகும். கடைசியில் கிராங்க் ஒரு பக்கம், டைமிங் ஒரு பக்கம். வண்டி இழுக்காது, ஐடிலில் நடுங்கும். சரிசெய்யப் போனால் இஞ்சினை இறக்கி, கிராங்க் ஷாஃப்டையே மாற்றச் சொல்வார்கள். புதுக் கீ வைத்து லாக்டைட் பசை ஊற்றி ஒட்டிவிட்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் உண்டு. நான் ஒட்டிய வண்டியை வாங்க மாட்டேன். ஒட்டியவரை மட்டும் மதிப்பேன்.

இனிதான் என்னைத் தூங்கவிடாத சங்கதி. டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இஞ்சின் நாசம் என்று பழைய வண்டி வாங்கும் எல்லோரும் பயப்படுகிறார்கள். பல கார்களில் அது நடக்கவும் செய்யும். மியாட்டாவின் இந்த இஞ்சினில் நடக்காது. இரண்டும் முட்டிக்கொள்ளாதபடி இடம் விட்டிருக்கிறார்கள். பெல்ட் அறுந்தால் வண்டி ரோட்டோரம் நிற்கும், இழுத்து வந்து புது பெல்ட் போட்டால் கிளம்பிவிடும், அவ்வளவுதான்.

ஆனால் 60,000 மைலுக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்ற வேண்டும் என்பது விதி. மாற்றும்போது கையோடு முன்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிடுவது வழக்கம். சீலுக்குப் போக வேண்டுமானால் அந்த நடுப் போல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றியவர் திருப்பி மாட்டும்போது டார்க் ஸ்பானர் வைத்துச் சரியான அளவுக்கு இறுக்காமல் ‘கை அளவு’ இறுக்கிவிட்டால், குட்டை மூக்குக்கு அன்றைக்கே நாள் குறித்தாயிற்று. அறுந்தாலும் கெடுதல் செய்யாத பெல்ட்டைப் பொறுப்பாக மாற்றப் போய், இஞ்சினைக் காவு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்! எல்லாப் பழியும் மெக்கானிக் மேல் அல்ல, மூக்கின் அமைப்பே பலவீனம்தான். அதனால்தானே கம்பெனியே பாதியில் அதை நீட்டிப் பலப்படுத்தியது.

இதைப் படித்தபோது அப்பாவின் ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க உதைத்தோம். பிளக்கைத் துடைத்தோம், கார்புரேட்டரைக் கழுவினோம், சாய்த்துப் போட்டு நிமிர்த்தினோம். சில சமயம் ‘டப்’பென்று திருப்பி உதைத்து அப்பாவின் கணுக்காலைப் பதம் பார்க்கும். சர்வீஸ் செய்த கடையில் புது இஞ்சின் போர் போடச் சொன்னார்கள். கடைசியில் பஸ் ஸ்டாண்ட் பின்னால் ஒரு பாயிடம் தள்ளிக்கொண்டு போனோம். அவர் மேக்னெட்டைக் கழற்றி, உள்ளேயிருந்து பிறை மாதிரி ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது.

“கீ கட்டாயிருச்சு தம்பி. சர்வீஸ்ல நட்டை ஒழுங்கா இறுக்காம விட்டிருக்காங்க.”

“இவ்வளவு சின்னத் துண்டு எப்படிங்க பாய் அவ்வளவு வேகத்தைத் தாங்கும்?”

“அது எங்கே தாங்குது? இறுக்கம்ல தாங்குது! கீ சும்மா இதுதான் இடம்னு காட்டுற ஆளு. அவன் தலையில சுமையை ஏத்துனா இப்படித்தான்.”

கீயின் விலை இரண்டு ரூபாய். பாய் கூலியோடு பதினைந்து வாங்கினார். மாஸ்டாவின் ஹிரோஷிமா எஞ்சினியர்கள் 1991-ல் கண்டுகொண்ட விஷயத்தைப் பாய் அதற்கு முன்பே சொல்லிவிட்டார் என்று நான் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். வெட்டட்டும்.

சரி, வண்டி பார்க்கப் போனால் என்ன செய்வது? பானெட்டைத் திறந்து, இஞ்சினை அணைத்துவிட்டு, டார்ச் அடித்துக் கீழே உள்ள கிராங்க் புல்லியைப் பாருங்கள். நடுப் போல்ட்டைச் சுற்றி நீள்வெட்டுகள் தெரியும். நாலு இருந்தால் குட்டை மூக்கு. எட்டு இருந்தால் நீள மூக்கு. பேப்பரில் என்ன வருஷம் போட்டிருந்தாலும் வெட்டை எண்ணுங்கள். முப்பது வருஷத்தில் இஞ்சின் மாறியிருக்கலாம், அதை ஆர்.சி. புத்தகம் சொல்லாது. பிறகு ஸ்டார்ட் செய்து மேலிருந்து பாருங்கள். புல்லி தள்ளாடினால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நாலு வெட்டு, ஆட்டம் இல்லை என்றால் பயந்து ஓட வேண்டாம். லட்சம் மைல் தாண்டிய குட்டை மூக்குகள் எத்தனையோ. பெல்ட் மாற்றியது யார், பில் எங்கே என்று மட்டும் கேளுங்கள். விற்பவர் “நானே வீட்டில் மாற்றினேன்” என்று பெருமையாகச் சொன்னால், எந்த அளவுக்கு இறுக்கினார் என்று கேளுங்கள். முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

மற்றவை சுருக்கமாக. பேட்டரி இந்த வண்டியில் பின்னால் டிக்கியில் இருக்கிறது. அமிலப் புகை வெளியே போக அதற்குத் தனிக் குழாய் உண்டு. காசை மிச்சம் பிடிக்கக் குழாய் மாட்ட வழியில்லாத சாதா பேட்டரி வைத்தவர் வண்டியில் டிக்கித் தகரம் அரித்திருக்கும். விரிப்பைத் தூக்கிப் பார்க்கவும். துணிக்கூரையில் விழும் மழைநீர் சீட்டுக்குப் பின்னால் உள்ள துளைகள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். அங்கே இலைச் சருகு அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே தேங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் துரு பூத்துவிடும். அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தால் போதாது, பெயின்ட் ஏமாற்றும். விரலால் அழுத்துங்கள். பின்கண்ணாடி பிளாஸ்டிக், ஜிப் வைத்தது. விற்பவர் ஜிப்பைத் திறக்காமல் கூரையை மடக்கிக் காட்டினால், மற்ற பராமரிப்பும் அந்த லட்சணத்தில்தான் இருந்திருக்கும். ரேடியேட்டரின் மேல்தொட்டி கறுப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் வெடிக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது.

1.8 என்ன ஆயிற்று? 116 குதிரைத் திறன் 128 ஆனது, 1996-ல் 133 ஆனது, மூக்குத் தொல்லை கிடையாது. இப்போதைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பெரிதானது, உடம்பு கூடியது, பின் அச்சு மாறியது எல்லாம் நிச்சயமாக அடுத்த வாரம். ஆனால் சில வண்டிகளில் அந்தப் பின் அச்சுக்குள் ‘டார்சன்’ என்று ஒரு டிஃபரன்ஷியல் இருக்கிறது. நேற்றிரவு அதைப் பற்றி ஒரு பக்கம் படித்தேன். மனைவி இப்போதே முறைக்கிறாள்.

(தொடரும்)