குடல் நோயும் கூச்சமும்

தலைவலி வந்தால் வீடு முழுவதும் அறியும். மலத்தில் இரத்தம் கண்டாலோ, பெற்ற தாயிடமும் சொல்ல நா எழுவதில்லை. 'மூலமாயிருக்கும்' என்று எதையோ வாங்கி உட்கொண்டு மாதங்களைக் கடத்திவிடுகிறோம். இம்மறைவில் வளரும் நோய்களுள் இரண்டைக் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம். ஒன்று, பெருங்குடலின் உட்புறத்தைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். மற்றொன்று, வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்தையும் பற்றக்கூடிய குரோன் நோய். இரண்டும் பெரும்பாலும் இளமையிலேயே தலைகாட்டுகின்றன.

1932ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சார்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்னும் மருத்துவர் மூவர், 14 நோயாளிகளைப் பற்றிய கட்டுரையொன்றை வெளியிட்டனர். அந்நோயாளிகளின் சிறுகுடற் கடைப்பகுதி தடித்துப் புண்பட்டிருந்தது. அத்தகைய குடலைக் காசநோயின் விளைவென்று கருதுவது அந்நாளில் வழக்கம். அம்மூவரோ காசநோய்க்குரிய சான்று காணாமையால், இது தனியொரு நோய் என வகுத்துரைத்தனர்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தும், காசநோய் மிகுந்த நம் நாட்டில் இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. வயிற்றுவலி, காய்ச்சல், உடல் மெலிவு ஆகியன இரண்டிற்கும் பொது. சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தையே இரண்டும் பெரும்பாலும் பற்றுகின்றன. மருந்துகளோ வெவ்வேறு. குரோன் நோயைத் தணிக்க, ஸ்டீராய்டு போன்று உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் தரப்படுகின்றன. உண்மையில் இருப்பது காசநோயாயின், அம்மருந்துகளால் அது கொழுந்துவிட்டெரியும். மாறாக, குரோன் நோயாளி காசநோய் மருந்தை மட்டும் நெடுநாள் உட்கொண்டிருந்தால், அதற்குள் குடல் சுருங்கி அடைபடவும் கூடும்.

ஆதலின் மருத்துவர்கள் கொலோனோஸ்கோபி வாயிலாகக் குடலின் உட்புறத்தைப் பார்த்து, சிறு சதைத்துணுக்கை எடுத்துச் சோதிக்கின்றனர். அதன் பின்னும் ஐயம் நீங்காவிடில், காசநோய் மருந்தளித்து, சில மாதங்களில் புண் ஆறுகின்றதா என மீண்டும் பார்ப்பதுண்டு. இது மருத்துவரின் அறியாமை எனக் கருதிச் சிகிச்சையை இடையில் கைவிடுதல் தகாது.

இவ்விரு குடலழற்சி நோய்களும் தொற்றுவன அல்ல. எவருடைய பாவத்தின் பலனுமல்ல. பரம்பரை, குடல்வாழ் நுண்ணுயிர்கள், எதிர்ப்பாற்றலின் பிறழ்ச்சி ஆகியன கூடி இவற்றை விளைவிக்கின்றன என்பதே ஆராய்ச்சியாளர் கருத்து. புகைபிடித்தல் குரோன் நோயை முற்றச் செய்யும். இவற்றை அடியோடு நீக்கும் மருந்து இல்லையெனினும், ஆண்டுக்கணக்கில் அடக்கிவைக்கும் மருந்துகள் உண்டு.

திருமணம் தடைப்படுமென அஞ்சி மகளின் நோயை மூடிவைக்கும் பெற்றோர் ஒன்றை உணரவேண்டும். நோய் அடங்கியிருக்கையில், மருத்துவரின் கண்காணிப்பில் நலமே பிள்ளை பெற்றோர் பலர். பேறுகாலத்தில் தீங்கு விளைப்பது பெரிதும் அடங்காத நோயே. எனவே மலத்தில் இரத்தம் கண்டாலும், வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்தாலும், உறக்கத்தினின்று எழுப்பினாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும், கூச்சத்தை விடுத்து மருத்துவரை நாடுங்கள். பிள்ளைகள் இவற்றைத் தயங்காமல் சொல்லக்கூடிய வீடாக உங்கள் வீடு இருக்கட்டும்.