புடையன் கடியும் சிறுநீரகமும்

வன்னி வயல்களில் அரிவி வெட்டுக் காலத்துப் புடையன் கடி புதிதன்று. அதன் விடம் குருதியை உறையாது செய்யும் என்பதை அறிவோம். கண்ணாடிக் குழாயிலிட்ட குருதி 20 நிமிடங்களில் உறையாவிடின் எதிர்மருந்து ஏற்றப்படும். மீண்டும் உறையத் தொடங்கியதும் ஆபத்து நீங்கிற்று எனக் கொள்ளுதல் இயல்பே.

இங்குதான் நாம் தயங்கவேண்டும். சிலரில் இதன் பின்னரே வேறொன்று தலைகாட்டுகின்றது. நுண்குருதிக் கலன்களைச் சிறு கட்டிகள் அடைக்கின்றன, அவ்வழி நெருக்குண்டு செல்லும் செங்குழியங்கள் துண்டாகின்றன, குருதிச் சிறுதட்டுகள் குறைகின்றன, சிறுநீரகம் செயலிழக்கின்றது. 1955இல் கசரும் உடனாய்வாளரும் சிறுவரிடத்து விவரித்த நோயை இது ஒத்தது. இதனை ஐயுறுவதற்கு விலைமிக்க கருவி வேண்டியதில்லை. நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு துளிக் குருதியில் உடைந்த செங்குழியங்கள் தென்படும்.

பிளாஸ்மா மாற்றீடு பலவிடங்களிற் செய்யப்படினும், பாம்புக்கடியில் அது பயன்தரும் என்பதற்கு உறுதியான சான்று இதுவரை இல்லை. சிறுநீரகம் செயலிழந்தோரைக் காப்பது காலந் தாழ்த்தாத குருதிச் சுத்திகரிப்பே. பலரில் சிறுநீரகம் மீள்கின்றது. சிலரிற் பழுது நிலைத்துவிடுகின்றது.

வவுனியாவில் ஆண்டுக்கணக்கில் மெல்ல முற்றும் காரணமறியாச் சிறுநீரக நோய் வேறு. இது நாட்களில் நிகழ்வது. ஆதலின், குருதி உறைந்ததென்று கமக்காரரை வீட்டுக்கு அனுப்புமுன் சிறுதட்டுகளையும் கிரியற்றினினையும் மீண்டும் அளத்தல் வேண்டும். சிறுநீர் குறைந்தால் உடனே திரும்பி வருமாறு வீட்டாருக்கும் சொல்லிவிடல் வேண்டும்.