இணையம் எழுந்த கதை – 7: கறுப்புப் பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்

சோபா, பிப்பா என்ற இரண்டு மசோதாக்கள் அமெரிக்க காங்கிரஸுக்கு வந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். 2011 மே மாதம் செனட் சபையில் பேட்ரிக் லேகி பிப்பாவைக் கொண்டுவந்தார். அக்டோபரில் பிரதிநிதிகள் சபையில் லாமர் ஸ்மித் சோபாவைக் கொண்டுவந்தார். திருட்டுப் படங்களையும் பாடல்களையும் பரப்பும் வெளிநாட்டுத் தளங்களை ஒடுக்குவதே நோக்கம் என்றார்கள். அந்த நோக்கத்தில் குறையில்லை. ஒரு படைப்புக்கு உழைத்தவருக்கு அதன் வருமானம் போய்ச் சேரத்தான் வேண்டும். ஆனால் அதற்கு அவர்கள் தேர்ந்த வழி ஆபத்தானது.

நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் அதற்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது டி.என்.எஸ். என்ற அமைப்பு. புகாருக்குள்ளான தளத்துக்கு அந்த முகவரியைத் தராதே என்று இணையச் சேவை நிறுவனங்களுக்கு நீதிமன்றம் மூலம் உத்தரவிட மசோதா வழிசெய்தது. தேடுபொறிகள் அதன் இணைப்பை நீக்க வேண்டும். சோபாவின் முதல் வடிவம் இன்னும் ஒரு படி மேலே போனது. பதிப்புரிமை உடையவர் ஓர் அறிவிப்பு அனுப்பினால் போதும். தளத்தார் மறுப்புத் தராவிட்டால் ஐந்து நாள்களுக்குள் விளம்பரமும் பணப் பரிமாற்றமும் நின்றுவிடும். பல்லாயிரம் பேர் எழுதியும் ஏற்றியும் வளர்க்கும் ஒரு தளத்தில், எவரோ ஒருவர் செய்த தவறுக்கு எல்லோரும் விலை கொடுக்க நேரலாம்.

நவம்பர் 16 அன்று பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழு விசாரணை நடத்தியது. சாட்சி சொல்ல அழைக்கப்பட்ட ஆறு பேரில் ஐந்து பேர் மசோதாவை ஆதரித்தவர்கள். எதிர்த்துப் பேச அங்கே இருந்தது கூகுள் மட்டுமே. அறைக்குள் இடம் கிடைக்காத எதிர்ப்பு அன்றே வெளியில் வெடித்தது. டம்ப்ளர் தளம் தன் பயனர்களின் பதிவுகளைக் கறுப்புப் பட்டைகளால் மறைத்துக் காட்டி, அவரவர் தொகுதி உறுப்பினரை அழைக்கத் தொலைபேசி வசதியும் செய்து கொடுத்தது. அதன் வழியே 87,834 அழைப்புகள் போயின.

டிசம்பரில் ரெடிட் பயனர்கள் வேறொரு வழி கண்டார்கள். டொமைன் பெயர்களை விற்கும் கோடேடி நிறுவனம் சோபாவை ஆதரித்திருந்தது. டிசம்பர் 29 அன்று நம் டொமைன்களை அங்கிருந்து மாற்றிவிடுவோம் என்று ஒருவர் எழுதினார். யோசனை தீயாய்ப் பரவியது. அந்த நாள் வருவதற்குள்ளேயே, டிசம்பர் 23 அன்று, நிறுவனம் ஆதரவை விலக்கிக்கொண்டது.

விக்கிப்பீடியாவுக்கு இந்தப் போராட்டம் அவ்வளவு எளிதாக இல்லை. எப்பக்கமும் சாயாமல் எழுதுவது அதன் அடிப்படை நெறி. கலைக்களஞ்சியம் ஒன்று ஒரு மசோதாவுக்கு எதிராக நிற்கலாமா? இத்தாலிய விக்கிப்பீடியர்கள் அதே அக்டோபரில், தங்கள் நாட்டு மசோதா ஒன்றை எதிர்த்து முழுப் பதிப்பையும் மறைத்திருந்தது ஒரு முன்னுதாரணம். டிசம்பரில் விக்கிப்பீடியாவை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் அதைக் குறிப்பிட்டு ஆங்கில விக்கிப்பீடியர்களிடம் கருத்துக் கேட்டார். ஜனவரியில் நடந்த இறுதி விவாதத்தில் 72 மணி நேரத்தில் 1,800-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். கட்டுரைகள் நடுநிலையாக இருக்க வேண்டும், ஆனால் அவற்றை எழுதும் இடமே பறிபோகும்போது எழுதுபவர் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை என்று ஒரு தரப்பு வாதிட்டது. ஒருமுறை அரசியலில் இறங்கினால் வாசகரின் நம்பிக்கை போய்விடும் என்றது மறுதரப்பு. அமெரிக்காவில் மட்டும் மறைப்பதா, உலகம் முழுவதுமா என்றும் தகராறு. உலகம் முழுவதும் என்றவர்கள் சற்றே அதிகம். மூன்று நிர்வாகிகள் வாதங்களையெல்லாம் படித்து முடிவை அறிவித்தார்கள்.

2012 ஜனவரி 18. ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் கறுத்தது. ரெடிட் 12 மணி நேரம் மூடியது. கூகுள் தன் பெயரின் மேல் கறுப்புப் பட்டை போட்டது. அதன் மனுவில் 70 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். விக்கிப்பீடியாவின் கறுப்புப் பக்கத்தைக் கண்டவர்கள் 16 கோடிக்கும் மேல். அங்கே அமெரிக்க வாசகர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அஞ்சல் குறியீட்டு எண்ணைத் தட்டினால், அவருடைய உறுப்பினரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வரும். 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படித் தேடினார்கள். அன்றே பிப்பாவை முன்மொழிந்தவர்களில் ஒருவரான மார்க்கோ ரூபியோ பின்வாங்கினார். ஜனவரி 20 அன்று செனட் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தார். ஸ்மித்தும் சோபாவை நிறுத்தினார். இரண்டும் பிறகு எழவில்லை.

பெரிய நிறுவனங்கள் தங்கள் வாசகர்களைக் கருவியாக்கிவிட்டன என்று ஹாலிவுட் தரப்பு குற்றம் சாட்டியது. கூகுளுக்குச் சொந்த லாபக் கணக்கு இருந்தது உண்மை. ஆனால் விக்கிப்பீடியாவில் முடிவெடுத்தவர்கள் சம்பளம் வாங்காமல் எழுதுபவர்கள். தங்களுக்குள் வெளிப்படையாகச் சண்டை போட்டு, எதிர்க்கருத்தையும் பதிவில் வைத்து முடிவெடுத்தவர்கள். அந்த விசாரணை அறையில் நடக்காத விவாதம் இங்கே நடந்தது. கோபம் கொள்வது எளிது. கோபம் கொண்ட ஒவ்வொருவர் கையிலும் முடித்துக்காட்டக்கூடிய ஒரு வேலையைக் கொடுப்பதுதான் கடினம். அதைச் செய்ததால்தான் அவர்கள் வென்றார்கள் என்பேன். எந்த ஊரில் எந்தச் சட்டத்தை எதிர்ப்பவருக்கும் இது பொருந்தும்.

(அடுத்த வாரம்: ஆக்டா ஒப்பந்தத்தை எதிர்த்துப் போலந்தின் தெருக்கள் நிறைந்த கதை)