விராலிமலை முருகனுக்கு சுருட்டு: இந்தக் கதைக்கு என்ன வயசு? பழைய புத்தகங்கள் தரும் விடை

திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்களுக்கு விராலிமலை என்றதும் இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று மயில். இன்னொன்று சுருட்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள இந்த மலைக்கோயில் முருகனுக்கு சுருட்டு படைப்பது வழக்கம். ‘ஆயிரம் வருஷத்துப் பழக்கம்’ என்று யாராவது ஃபார்வர்ட் செய்தால் நம்பலாமா?

கதை என்ன?

கருப்பமுத்துப் பிள்ளை என்ற பக்தர் முருகனைப் பார்க்கக் கிளம்புகிறார். வழியில் மழை, வெள்ளம். குளிரில் நடுங்கியவருக்கு ஒரு சுருட்டு கிடைத்தால் தேவலை என்றிருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் வந்து சுருட்டும் நெருப்பும் கொடுத்து, துணைக்கும் வருகிறார். கோயிலுக்குப் போன பிறகுதான் வந்தது யார் என்று பிள்ளைக்குப் புரிகிறது. அன்றிலிருந்து முருகனுக்கு சுருட்டு. பின்னாளில் புதுக்கோட்டை மன்னர் இதைத் தடுத்ததாகவும், முருகனே கனவில் வந்து கேட்டதாகவும் ஊரில் சொல்வார்கள்.

வயசை எப்படிக் கண்டுபிடிப்பது?

புகையிலை நம்ம ஊர்ச் செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர்கள் இந்தியாவுக்கு வந்த பிறகுதான் இங்கே பரவியது. அப்படியென்றால் சுருட்டுக் கதை, சுமார் 400 ஆண்டுகளைத் தாண்ட வாய்ப்பில்லை. ஆங்கிலத்தில் உள்ள ‘செரூட்’ என்ற சொல்லே தமிழ் ‘சுருட்டு’ போட்ட குட்டிதான்.

ஆனால் கோயில் அதைவிடப் பழசு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதர் திருப்புகழில் விராலிமலையைப் பாடியிருக்கிறார். அவரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. வயலூரிலிருந்து வரும்போது அவருக்கு வழி தெரியவில்லை. முருகன் வேடனாக வந்து வழிகாட்டினார் என்பார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வழியில் தவிக்கும் பக்தர், உதவிக்கு வரும் முகம் தெரியாத ஆள், கடைசியில் அவர்தான் முருகன். கதையின் எலும்புக்கூடு ஒன்றுதான். சுருட்டு மட்டும் புதுசு.

இன்னும் பின்னால் போனால்?

1892-ல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த சிலப்பதிகாரத்தைத் திறக்கலாம். மதுரைக்குப் போகும் கோவலனிடம், கொடும்பாளூர்ப் பக்கம் பாதை மூன்றாகப் பிரியும் என்று ஒரு வழிப்போக்கர் சொல்கிறார். நடுப்பாதையில் பயணிகளை மயக்கும் தெய்வம் இருப்பதாக எச்சரிக்கவும் செய்கிறார். அந்தக் கொடும்பாளூர் விராலிமலைக்குப் பக்கத்து ஊர்தான். வழிப்பயணமும், வழியில் எதிர்ப்படும் தெய்வமும் இந்த வட்டாரத்துக்குப் புதுசே இல்லை.

கொடும்பாளூர் பெயரை ‘பொன்னியின் செல்வன்’ மூலம் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். வானதியின் ஊர். கல்கி காட்டும் பூதி விக்கிரமகேசரி கற்பனைப் பெயர் அல்ல. தன் பேரிலும் தன் இரண்டு மனைவியர் பேரிலும் அவர் மூன்று கோயில்கள் கட்டியதை மூவர் கோயில் கல்வெட்டு சொல்கிறது. இன்று நிற்பவை இரண்டுதான்.

எங்கே படிக்கலாம்?

புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். அதனால் தன் வரலாற்றைத் தானே அச்சிட்டு வைத்திருக்கிறது. எஸ்.ராதாகிருஷ்ண ஐயரின் சமஸ்தான வரலாறு 1916-ல் வந்தது. கல்வெட்டுத் தொகுப்பு 1929-ல் வந்தது. கே.ஆர்.வெங்கடராம ஐயரின் ‘மேனுவல்’ 1938 முதல் 1944 வரை பகுதி பகுதியாக வெளியானது. இது மாதிரிப் பழைய நூல்களைத் தேட, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை மொபைலிலேயே திறக்கலாம். நேரில் போக முடிந்தால், பா.கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதி உருவாக்கிய ஞானாலயா நூலகம் புதுக்கோட்டையில் இருக்கிறது. அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள்.

புத்தகம் மட்டும் போதுமா?

போதாது. 1802-ல் வால்டர் ஸ்காட் ஸ்காட்லாந்து எல்லைப்புறக் கதைப்பாடல்களைத் தொகுத்து அச்சிட்டார். அவருக்குப் பாடிக்காட்டியவர்களில் ஒருவர், எழுத்தாளர் ஜேம்ஸ் ஹாக்கின் தாய். பாடுவதற்காக இருந்ததை அச்சில் போட்டுக் கெடுத்துவிட்டீர்களே என்று அவர் ஸ்காட்டிடமே குறைபட்டதாக ஹாக் எழுதியிருக்கிறார்.

விராலிமலைக்கும் இது பொருந்தும். இந்தக் கோயிலின் சதிர் ஆட்டத்தையும் குறவஞ்சியையும் எந்தப் புத்தகத்தாலும் முழுசாகப் பிடித்து வைக்க முடியாது. அந்த மரபின் கடைசிக் கண்ணியாக அறியப்பட்டவர் விராலிமலை முத்துக்கண்ணம்மாள். ஏழு வயதில் கோயிலுக்கு அர்ப்பணிக்கப்பட்டவர். 2022-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோதுதான் வெளியூர்க்காரர்கள் பலர் அவர் பெயரையே கேட்டார்கள்.

1916-ல் அச்சான புத்தகம் அடுத்த வருஷமும் மின்னூலகத்தில் கிடைக்கும். உங்கள் ஊர்க் கதையும் பாட்டும் தெரிந்த பெரியவருக்கு அப்படி உத்தரவாதம் இல்லை. ஊருக்குப் போகும்போது அவரிடம் முதலில் கேளுங்கள். போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு. எந்தப் பகுதி எவ்வளவு பழசு என்று பிறகு புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.