ஆற்றுப்பாலை: ஒரு மருந்து மரத்தின் பெயரும் பயனும்

பகாங் மாநிலக் கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். இம்மலைத் தோட்டங்களுக்கு உழைக்க வந்த தமிழர் தம் கைவைத்திய அறிவையும் உடன்கொணர்ந்தனர். வாய்மொழியாக வழங்கும் அவ்வறிவு மரப்பெயர்களையே பற்றி நிற்பது. பெயர் பிறழின் மருந்தும் பிறழும் என்பதை ஆற்றுப்பாலை வழியாக இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

ஆற்றுப்பாலை ஓடைக்கரைகளில் வளரும் வில்லோ இன மரம். இதன் தாவரவியற்பெயர் சாலிக்ஸ் டெட்ராஸ்பெர்மா. ஆயுர்வேத நிகண்டுகள் கூறும் சலவேதசம் இதுவே என அறிஞர் பலர் கொள்வர். இதன் பட்டைக் கசாயம் காய்ச்சலுக்கு வழங்கப்பட்டது.

சரக சங்கிதை நோவு தணிக்கும் பத்து மருந்துகளுள் வஞ்சுளத்தையும் வைத்தெண்ணுகிறது. வஞ்சுளம் என்னும் சொல் வேதசம், பிரம்பு, அசோகு ஆகிய மூன்றையும் சுட்டவல்லது. எனினும் அப்பட்டியலில் அசோகு தனியே இடம்பெறுதலால், அங்கு வஞ்சுளம் அசோகன்று எனத் துணியலாம். நோவு தணிக்கும் பயனை நோக்க, வேதசமெனக் கொள்வதே பொருந்தும் என்பது நம் கருத்து.

அப்பயனுக்கு வேதியியலும் விளக்கம் தருகிறது. இங்கிலாந்தின் எட்வர்டு ஸ்டோன் வில்லோப் பட்டை காய்ச்சலைத் தணிப்பதை 1763இல் அறிவித்தார். 1828இல் யோகான் புக்னர் அப்பட்டையிலிருந்து சாலிசினைப் பிரித்தெடுத்தார். உடலில் இது சாலிசிலிக் அமிலமாக மாறுகிறது. இவ்வமிலத்தின் வழிப்பொருளே 1899 முதல் ஆஸ்பிரின் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது.

இனி, பெயர்மயக்கத்தைக் காண்போம். ஏழிலைப்பாலையின் பட்டையும் மரபு மருத்துவத்தில் காய்ச்சல் மருந்தே. மலாய்மொழியில் 'புலாய்' எனப்படும் மரங்கள் இதன் பேரினத்தவை. ஆயின், இவை பாலுடைய வேறு குடும்பத்து மரங்கள். இவற்றின் பட்டையில் மிகுந்திருப்பவை ஆல்கலாய்டுகள். 'பாலை' என்னும் பெயரொற்றுமையை மட்டும் கொண்டு ஒன்றிற்கு மற்றொன்றைப் பயன்படுத்துதல் தகாது.

மரத்தைச் சரியாக அறிந்தாலும் இடர் முற்றும் நீங்குவதில்லை. டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பிரின் குருதிக்கசிவை மிகுவிக்கக்கூடும் என்பதால் மருத்துவர் அதனை விலக்குவர். காய்ச்சலுற்ற சிறார்க்கும் அதனை விலக்குவதே மரபு. வில்லோப் பட்டைக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். டெங்கி பரவலாகக் காணப்படும் மலேசியாவில் இது புறக்கணிக்கத்தக்கதன்று.

எனவே, தோட்டத்து முதியோரிடம் மருந்துச் செய்திகளைத் திரட்டும் தமிழாசிரியர்கள் பெயரோடு நின்றுவிடலாகாது. இலை, பட்டை, பால், வளரிடம், மலாய்ப்பெயர் ஆகியவற்றையும் உடன்குறித்தல் வேண்டும். அப்போதே அத்தொகுப்பு சொல்லாய்வுக்கும் உயிர்க்காப்புக்கும் ஒருங்கே பயன்படும்.